தடி பிடித்த அம்மன்

டிசம்பர் கடைசி வாரம். சந்தேஷ் கடைகளில் புது ஈச்சவெல்லத்தின் வாசம். கல்கத்தாவின் பாலிகஞ்ச் ஃபாரியை ஒட்டிய மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. நான் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழன். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, அந்தப் பையோடே உள்ளே போனேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு மேசை. கறுப்பு வெல்வெட் தட்டில் ஒரு வெள்ளிக் காசு. நம் பழைய நாலணா அகலம்தான் இருக்கும், ஆனால் கனம் கூடுதல். ஒரு பக்கம் இலைமாலை சூடிய ஆணின் தலை. கடைக்காரர் அதைத் திருப்பிக் காட்டினார். நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் நெடிய கோல், மறு கையில் ஆலிவ் கிளை. பக்கத்தில் ஒரு சீட்டில் வங்க மொழியில் எழுதியிருந்தது: ரோம், திபேரியஸ், வெள்ளி.

“இது எங்கே கிடைத்தது, தாதா?” என்று கேட்டேன்.

“தொக்கின் பாரத்,” என்றார். தென்னிந்தியா.

எந்த ஊர், எந்த ஆண்டு, தனியாகவா, பானையிலா, கூட எத்தனை இருந்தன என்று அடுத்தடுத்துக் கேட்டேன். அவர் நல்ல மனிதர். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தமக்கு விற்றவருக்கும் தெரியாது, அந்த ஆளுக்கு விற்றவருக்கும் தெரிந்திருக்காது என்றார். முருங்கைக்காய்ப் பையைக் காலடியில் வைத்துவிட்டு வெகுநேரம் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளை எனக்குத் தெரியும். நான் பார்க்காமலே அறிந்தவள்.

இந்த இரங்கல் அந்தக் காசுக்கு இல்லை. காசு நலமாக இருக்கிறது. எவராவது வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பார். நான் அழுவது அது பிற காசுகளோடு சேர்ந்து கிடந்த குடத்துக்காக. குடம் என்று நான் சொல்வது மண்பானையை மட்டும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஒரே நாளில் ஒரே குழியில் புதைத்து வைத்த மொத்தக் கூட்டத்தையும்தான். அந்தக் கூட்டம் கலைந்துவிட்டால் திரும்பச் சேராது. தமிழ்நாட்டு மண்ணில் அப்படிக் கலைந்தவை எத்தனை என்பதற்குக் கணக்கே கிடையாது.

அவள் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். திபேரியஸ் கி.பி. 14 முதல் 37 வரை ரோமை ஆண்டவர். அவருடைய வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி லுக்துனம் என்ற ஊரில் அச்சானவை. இன்றைக்கு அது பிரான்சின் லியோன் நகரம். உட்கார்ந்திருக்கும் பெண் அமைதித் தேவியான பாக்ஸ் என்றும், அந்தத் தேவியின் கோலத்தில் அமர்ந்த பேரரசரின் தாய் லிவியா என்றும் சொல்கிறார்கள். விவிலியத்தில் வரி செலுத்தலாமா என்ற கேள்விக்கு இயேசு கேட்டு வாங்கிப் பார்த்த காசு இந்த வகைதான் என்பது நாணயவியலாரிடையே நெடுநாளாக உள்ள கருத்து. பிரான்சில் பிறந்தவள் இத்தாலி வழியாகவோ நேராகவோ அலெக்சாந்திரியா போய், நைல் நதியில் மேலேறி, கோப்தோஸில் இறங்கி, ஒட்டகத்தின் முதுகில் பாலைவனம் கடந்து, செங்கடற்கரையில் பெரெனிகேயிலோ மியோஸ் ஹொர்மோஸிலோ கப்பல் ஏறி, தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு வந்தாள். யவனர் மரக்கலம் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிப் போனதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாடு. அங்கே படியூர்ப் பக்கத்தில் பெரில் என்னும் கடல்நிறக் கல் வெட்டினார்கள். கொடுமணலில் மணி கோத்தார்கள். கல்லுக்கும் மணிக்கும் மிளகுக்கும் துணிக்கும் விலையாக அவள் வந்தாள்.

அப்படி வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை நம்மிடமிருந்து உறிஞ்சிவிடுகிறது என்று எழுத்தாளர் பிளினி ரோமில் உட்கார்ந்து புலம்பினார். நம் பக்கம் இருந்து பார்த்தால் அந்தப் புலம்பலின் மறுபாதி கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் கிடந்தது. 1842-ல் அங்கே வெளிப்பட்ட ஒரே புதையலில் 522 வெள்ளிக் காசுகள். அவற்றில் பெரும்பாலானவை இந்தத் தடி பிடித்தவளின் காசுகள். 1891-லும் 1931-லும் மறுபடி அதே ஊரில். காங்கயத்தை அடுத்த கத்தாங்கண்ணியில் 1913-ல் 233. உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கு மேல். ரோமப் பேரரசின் எல்லைக்கு வெளியே இவ்வளவு நெருக்கமாக இந்தக் காசுகள் கிடைக்கும் நிலப்பகுதிகள் உலகத்தில் மிகக் குறைவு. வெள்ளலூர் இப்போது கோவை மாநகரத்தின் குப்பை மலைக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கம் ரயிலில் போகும்போதெல்லாம் என் கண் தானாகக் கீழே பார்க்கும்.

எண்ணி வைத்ததால் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு குடத்தில் இருக்கும் காசுகளில் கடைசியாக அச்சானது எதுவோ, அதற்குப் பிறகுதான் குடம் புதைந்திருக்க வேண்டும். அது ஒரு தேதி. கல்வெட்டு இல்லாத இடத்தில் கிடைக்கிற தேதி. எந்தக் காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது அது எத்தனை கைகளில் புழங்கியது என்பதைச் சொல்லும். எந்த அரசன் காசு எத்தனை என்ற விகிதம் இன்னொரு கதை சொல்லும். கி.பி. 64-ல் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தார். அதுவரை ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்தவர்கள் அதற்குப் பிறகு 96 அடித்தார்கள். தமிழகத்துக் குடங்களைப் பாருங்கள்: அகஸ்டஸும் திபேரியஸும் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், மட்டமாக்கிய வெள்ளி அனேகமாக இருக்காது. நம் வணிகர்கள் கையில் வாங்கி எடைபோட்டு, மாற்றுப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ரோமப் பேரரசரின் கலப்படத்தைக் கொங்கு நாட்டு வியாபாரி கண்டுபிடித்த செய்தி இது! எந்த இலக்கியத்திலும் இல்லாத செய்தி. காசுகளை மொத்தமாக எண்ணி, அரசன் வாரியாகப் பிரித்து எழுதி வைத்த சில பேரால் மட்டுமே நமக்குத் தெரிந்தது. பாலிகஞ்ச் தட்டில் தனியாகக் கிடந்தவளிடம் இதைக் கேட்டால் அவளுக்கு என்ன தெரியும்?

புதுக்கோட்டைக் குடத்தைப் பற்றி எழுதாமல் என்னால் தாண்டிப்போக முடியாது. 1898. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சி. 501 ரோமப் பொற்காசுகள். அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் தங்கம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜி.எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து உடனே எழுதினார். அவர் கவனித்த ஒன்று இன்றைக்கும் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது: பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. புழக்கத்திலிருந்து நீக்கச் செய்த வெட்டா, உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்த்த சோதனையா, வேறு ஏதாவதா என்று நூறாண்டுகளுக்கு மேலாக வாதம் நடக்கிறது. எனக்கு அந்த வாதத்தைவிட வேறொன்று மனதைத் தொடுகிறது. வெட்டு விழுந்தது பெரும்பாலும் ராஜா பக்கம். மறுபக்கத்துப் பெண்ணை உளி பெரிதாகத் தீண்டவில்லை. உளி பிடித்த தட்டானின் மனதில் என்ன இருந்தது என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குடத்தில் இருந்த தேவிகள் முழுசாக இருந்தார்கள் என்பதை நான் சும்மா கடந்துபோக மாட்டேன். கிளாடியஸ் அடித்த பொற்காசு வகை ஒன்றில் சிறகு முளைத்த ஒருத்தி பாம்பை முன்னே விட்டு நடந்து வருவாள். சிறகை மறந்துவிட்டுப் பார்த்தால் நம் ஊர் எல்லையில் நிற்கும் அம்மனை எவரும் அவளில் கண்டுவிடலாம்.

அதே புதுக்கோட்டை, பின்னாளில், தன் காசிலேயே ஓர் அம்மனை அடித்தது. அம்மன் காசு என்றுதான் அதற்குப் பெயர். சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்று இருக்கும். நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு அதைத் தானமாகக் கொடுப்பார்கள். ரோமர்கள் தங்கள் காசில் விக்டோரியா என்று ஒரு தேவியை வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்கும் விஜயம் என்றுதான் பொருள். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை, கிடையாது. ஒரே மாவட்டத்து மண் இரண்டு விஜயங்களைத் தாங்கியது, அவ்வளவுதான். இந்தியாவோடு சமஸ்தானம் இணைந்தபின் அம்மன் காசும் ஓய்ந்தது.

புதுக்கோட்டைக் குடத்துக்கு வாய்த்த ஆய்வு கண்ணூர்க் குடத்துக்கு வாய்க்கவில்லை. 1847-ல் கண்ணூருக்குக் கிழக்கே கோட்டயம் என்ற இடத்தில் பொற்காசுகள் வெளிப்பட்டன. ஐந்து கூலியாள் சுமை அளவு தங்கம் எடுத்தார்கள் என்று அக்காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். புத்தம்புதுசாக, நாணயச்சாலையிலிருந்து நேற்று வந்ததுபோல் மின்னியதாம். எவ்வளவோ பேர் கையில் போய், எவ்வளவோ தட்டார் குகையில் உருகி, எஞ்சிய கொஞ்சம் மட்டும் பதிவானது. அதைப் பற்றி கேப்டன் டுரூரி எழுதிய குறிப்பு 1851-ல் அச்சானது எங்கே தெரியுமா? இங்கே, கல்கத்தாவில், வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில். நம் மலையாளக் கரைத் தங்கத்தின் மரணக் குறிப்பு அந்தச் சங்கம் இருக்கும் பார்க் தெருவிலிருந்து வெளிவந்திருக்கிறது. நான் பாலிகஞ்சில் உட்கார்ந்து இந்தக் குடங்களுக்காக அழுவது தொடர்பில்லாத வேலை இல்லை என்று சொல்லத்தான் இதைக் குறிப்பிட்டேன்.

இதைவிடப் பக்கத்திலேயே ஒரு சாவு நடந்திருக்கிறது. கண்காட்சியிலிருந்து வெளியே வந்து கரியாஹாட் மோட்டில் திரும்பி ராஷ்பிஹாரி அவென்யூவில் மேற்கே நடந்தால் தேசப்ரிய பார்க், அப்புறம் நம்மவர்கள் பூ வாங்கும் லேக் மார்க்கெட், அதையும் தாண்டி நேரே போனால் காளிகாட். அங்கே 1783-ல் இருநூறுக்கு மேற்பட்ட பொற்காசுகள் கொண்ட ஒரு குடம் வெளிப்பட்டது. ரோமக் காசுகள் அல்ல, பிற்காலக் குப்தர்களுடையவை. ஒரு பக்கம் வில்லேந்திய அரசன், மறுபக்கம் தாமரைமேல் அமர்ந்த லட்சுமி. குப்தர் காசுகளில் உலகத்துக்கு முதன்முதலாகத் தெரியவந்த புதையல் அதுதான். நவகிருஷ்ணர் என்பவர் அதை எடுத்துக்கொண்டுபோய் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் கொடுத்தார். ஹேஸ்டிங்ஸ் பெரும்பகுதியை லண்டனில் இருந்த கும்பினி இயக்குநர்களுக்கு அனுப்பினார். அவர்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொஞ்சம், ஹண்டர் என்பவரின் சேகரிப்புக்குக் கொஞ்சம், ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சில என்று பிட்டுக் கொடுத்தார்கள். மிஞ்சியது உருக்குச் சட்டிக்குப் போனது.

கல்கத்தாவில் ஆசியச் சங்கம் தொடங்கியது 1784 ஜனவரி 15. குடம் வெளிப்பட்டதற்கும் அதற்கும் நடுவில் அதிக இடைவெளி இல்லை. அந்த லட்சுமியைத் திருப்பிப் பார்த்து, இவள் யார், இவன் யார், இது எந்தக் காலம் என்று கேட்க ஊரில் ஒரு சபை வேரூன்றுவதற்குள் அவள் கப்பல் ஏறிவிட்டாள். ஐம்பது ஆண்டு கழித்து, இதே ஊர் நாணயச்சாலையில் மாற்றுப் பார்க்கும் வேலையில் இருந்த ஜேம்ஸ் பிரின்செப் குஷாணர் காசையும் குப்தர் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றது வந்ததை அடையாளம் கண்டார். குஷாணர் காசில் அர்தோக்ஷோ என்ற தேவி கையில் பழமும் தானியமும் வழியும் வளக்கொம்பை ஏந்தியிருப்பாள். கிரேக்க, ரோமத் தேவிகளின் கையில் இருந்த அதே கொம்பு. தொடக்கக் குப்தர் காசுகளில் சிம்மாசனத்தில் இருப்பவள் கையிலும் அது உண்டு. அப்புறம் சிம்மாசனம் தாமரையாகிறது, கொம்பு தாமரைத் தண்டாகிறது, அவள் முழுக்க லட்சுமி ஆகிவிடுகிறாள். பெயரிலும் அந்த உறவு தங்கிவிட்டது. ரோமர்களின் டினாரியஸ் நம் நாட்டில் தீனாரம் ஆனது. ஐந்தாம் நூற்றாண்டு வங்காளத்துச் செப்பேடுகளில் நிலத்தின் விலையை இத்தனை தீனாரம் என்று எழுதியிருக்கிறார்கள். வட வங்காளத்தின் வயல் ஒன்று ரோமச் சொல்லில் விலைபோனது என்று நினைக்கும்போது எனக்கு மெய் சிலிர்க்கிறது. காளிகாட் குடம் முழுசாக இருந்திருந்தால் அந்தச் சொல்லின் கடைசி அத்தியாயம் நம் கையில் இருந்திருக்கும்.

தேவிகளுக்கு ரோமிலேயே ஆயுள் முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கான்ஸ்டன்டைன் கிறிஸ்துவத்தின் பக்கம் சாய்ந்தபின், கி.பி. 325 வாக்கில் சூரியதேவன் காசிலிருந்து இறங்கினான். மற்ற தெய்வங்களும் ஒவ்வொன்றாகப் போனார்கள். விக்டோரியா மட்டும் சிறகோடு நின்றாள். மதுரையிலும் கரூரிலும் இலங்கையிலும் கிடைக்கும் பிற்காலச் செப்புக் காசுகளில் அவளைப் பார்க்கலாம்: மிளகாய் விதையைவிடக் கொஞ்சம் பெரிய உருவம், தோளில் வெற்றிச் சின்னம், ஒரு கைதியை இழுத்துக்கொண்டு நடக்கிறாள், பக்கத்தில் கிறிஸ்துவின் பெயர்க்குறி. பழைய தேவியும் புதிய கடவுளும் ஒரே செப்புத் துண்டில். ஆறாம் நூற்றாண்டில் அவளையும் தேவதூதனாக மாற்றிவிட்டார்கள். இந்தச் செப்புக் காசுகளைக் கரூரில் அமராவதி மணலைச் சலித்துப் பொறுக்கினார்கள். நாணயவியலாளரும் தினமலர் ஆசிரியருமான இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரை, திருக்கோவிலூர் என்று ஊர்ப்பெயரோடு அவற்றைப் பதிவுசெய்து 1994-ல் நூலாக்கினார். தங்கமும் வெள்ளியும் அல்லாத, எவரும் மதிக்காத காசுக்கு ஊர்ப்பெயர் எழுதிய கை அது. 2021-ல் அவர் மறைந்தார். 1904-ல் ராபர்ட் சீவல் தொகுத்த இந்திய ரோமக் காசுப் பட்டியலைப் படிப்பவர்களுக்கு அந்தக் கையின் அருமை தெரியும். அதில் ஊர் உண்டு, எண்ணிக்கை இல்லாத வரிகள் உண்டு. எண்ணிக்கை உண்டு, பிறகு என்னவாயிற்று என்று இல்லாத வரிகளும் உண்டு. ஒவ்வொரு வரியும் ஒரு குடத்தின் இறப்புச் சான்றிதழ்தான்.

இனி, அவளை நான் பார்க்காமலே அறிந்த கதை.

என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, காங்கயம் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் பிறந்தவர். அவர் தாவணி போட்ட வயதில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார்களாம். கரையில் மண்ணைக் கொட்டும்போது ஒரு சட்டி உடைந்து கறுப்புக் கறுப்பாகக் காசுகள் சிதறின. வெளியே தெரிந்தால் சர்க்கார் பிடித்துக்கொள்ளும் என்ற பயம். கிணறு வெட்டிய ஆட்கள், தோட்டக்காரர், பங்காளிகள் என்று அன்று ராத்திரியே படியால் அளந்து பங்கு போட்டார்கள். எண்ணவில்லை. படியால் அளந்தார்கள். ஒரு வாரத்தில் ஆசாரி வீட்டில் எல்லாம் உருகியது. அமுச்சியின் கால் தண்டை அந்த வெள்ளியில் செய்ததுதான். ஒரே ஒரு காசை மட்டும் அவருடைய ஆத்தா உருக்க விடவில்லை.

“அதுல சாமி உக்காந்திருந்தா கண்ணு. கைல தடி புடிச்சுக்கிட்டு, இன்னொரு கைல வேப்பங்கொழை. அம்மன் தானா நம்மூட்டுக்கு வந்திருக்கறா, அவள அடுப்புல போடலாமா?” என்று எனக்குச் சொன்னார். ஆலிவ் கிளை வேப்பங்குழையாகிவிட்டது. அந்தக் காசைச் சாமி அறையில் மஞ்சள் துணியில் வைத்து வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் இட்டார்கள். பேரரசரின் தலையைக் கீழே போட்டு, தேவியை மேலே வைத்து. லியோனில் அச்சான ஒரு தேவிக்குக் காங்கயத்தில் வெள்ளிக்கிழமை பூசை நடந்திருக்கிறது! நான் விவரம் தெரிந்து தேடிப்போன காலத்தில் அந்த வீடும் இல்லை, மஞ்சள் துணியும் இல்லை. தண்டையைக்கூட ஒரு கல்யாணத்துக்கு அழித்துச் செய்துவிட்டார்கள்.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. வறட்சி பார்த்த மக்கள், மண்ணிலிருந்து வந்த வெள்ளியை மகளுக்குக் காலில் போட்டார்கள். உருக்குவதற்கு முன் ஒருவர், ஒரே ஒருவர், அதைத் தரையில் கொட்டி எண்ணியிருந்தால்! எத்தனை தடிக்காரி, எத்தனை வேறு உருவம், சட்டி எத்தனை முழம் ஆழத்தில், எந்தப் பக்கம் என்று ஒரு பனையோலை நறுக்கிலாவது கிறுக்கியிருந்தால்! வெள்ளி போனாலும் குடம் பிழைத்திருக்கும். கத்தாங்கண்ணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஊர்ப்பெயர் பட்டியலில் ஏறியிருக்கும். படியூர்க் கல்லுக்கு வந்த விலையில் ஒரு பங்கு இன்ன ஊரில் தங்கியது என்று பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள்.

அவர்களை அப்படி ஓடவைத்தது பயம். அந்தப் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அது இன்றைக்கும் இருக்கிறது. 1878-ல் வந்த இந்தியப் புதையல் சட்டம்தான் நெடுங்காலமாக நம் நாட்டில் இதற்கு வழிகாட்டி. மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்படும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புதைத்தவர் வழிவந்த உரிமையாளர் என்று எவரும் நிரூபிக்காவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு அதைத் தனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மறைத்தவருக்குத்தான் பங்கும் போய்ச் சிறையும் வரும். நம் ஊர்களில் இது தலைகீழாகத் தெரிந்திருக்கிறது: சொன்னால் எல்லாம் போய்விடும், மறைத்தால் மிஞ்சும் என்று. சட்டத்தை ஊராருக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்லாத குற்றம் படித்தவர்களாகிய நம் எல்லோருடையதும். அதற்கு விலையாகப் போனவைதான் இந்தக் குடங்கள்.

பாலிகஞ்ச் கண்காட்சியில் அந்தக் காசை நான் வாங்கவில்லை. வாங்கக் கையில் பணம் இருந்தது, மனம் வரவில்லை. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து மஞ்சள் துணியில் வைத்தாலும் அவளுடைய ஊரை என்னால் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. கடைக்காரர் அனுமதியோடு கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். எடை கேட்டேன். 3.7 கிராம் என்றார். அதை எழுதிக்கொண்டேன். “ஊர்ப்பெயர் தெரிந்தால் சீட்டில் அதையும் எழுதி வையுங்கள் தாதா, எந்தக் காசானாலும்,” என்று கேட்டுக்கொண்டேன். தலையசைத்தார்.

வாசகர்களிடம் நான் கேட்பது இதைவிடக் கொஞ்சம் அதிகம். உங்கள் தோட்டத்தில் கிணறு தோண்டும்போதோ, அஸ்திவாரம் பறிக்கும்போதோ, பொக்லைன் வாளியின் பல்லிலோ ஒரு சட்டி உடைந்து பச்சையும் கறுப்புமாய்க் காசு சிதறினால் வேலையை நிறுத்துங்கள். உள்ளே கையை விட்டு அள்ளாதீர்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; பளபளப்பு வரும், தேய்மானத்தின் சாட்சி போய்விடும். சட்டியின் ஓட்டுச் சில்லுகளைக் குப்பையில் கொட்டாதீர்கள். இருக்கிற இருப்பில் கைப்பேசியில் படம் எடுங்கள். ஊர், நாள், எத்தனை அடி ஆழம் என்று எழுதுங்கள். அப்புறம் கலெக்டர் அலுவலகத்துக்கும் பக்கத்து அரசு அருங்காட்சியகத்துக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை, நாலு பேர் பார்க்க, சிதறிய காசுகளை ஒவ்வொன்றாக எண்ணி வையுங்கள்.